பேட்டரியை மாற்றும் முன்: பழைய காரின் சார்ஜிங் பழுது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பத்மினி, சுமோ என்று வயதான வண்டிகள்தான் அதிகம் வரும். கடை திறந்ததும் வரும் முதல் போன் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "அண்ணாச்சி, வண்டி எடுக்க மாட்டேங்குது. பேட்டரி போயிருக்கும், புதுசு ஒண்ணு கொண்டு வந்திருங்க." பேட்டரிதான் என்று யார் சொன்னது என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வரும். எத்தனையோ நல்ல பேட்டரிகள் இப்படிப் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன. கடையில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியா, ஆல்டர்னேட்டரா, செல்ஃப் மோட்டாரா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றிக் கிளப்புவது. ஆல்டர்னேட்டர், எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுற்றிக் கரண்ட் உண்டாக்கிப் பேட்டரியை ஏற்றுவது. பேட்டரி முனைகளில் மூன்று நேரத்தில் வோல்ட் பாருங்கள்.

முதலில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியைத் தொடும் முன். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. நிறைந்த பேட்டரிக்கும் காலிப் பேட்டரிக்கும் நடுவில் ஒரு வோல்ட் கூட வித்தியாசம் இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஹார்ன் அடிக்குதே, லைட் எரியுதே" என்று சொல்லிப் பேட்டரியை எடை போட முடியாது என்பது இதனால்தான். வண்டி ஓட்டி வந்த உடனே பார்த்தாலும் மீட்டர் ஏமாற்றும். அப்போது தகடுகளின் மேற்பரப்பில் ஏறிய சார்ஜ்தான் தெரியும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது. மீட்டர் 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்லது. நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியே 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. மீட்டர் 12ஐ விட்டு அசையவே இல்லை, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான சோலினாய்டு, அதற்குப் போகும் வயர், அல்லது டெர்மினல். அது வேறு கதை.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது, கொஞ்சம் ரேஸ் கொடுத்து. 13.8க்கும் 14.5க்கும் நடுவில் வர வேண்டும். ஹெட்லைட், ப்ளோயர், வைப்பர் எல்லாவற்றையும் போட்டாலும் ரேஸில் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. வண்டி ஓடும்போதும் காலையில் பார்த்த அதே எண்தான் நிற்கிறது, அல்லது மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது என்றால் சார்ஜ் ஏறவில்லை. அப்போது புதுப் பேட்டரி வாங்கி மாட்டினால் இரண்டு மூன்று நாள் ஓடும். பிறகு திரும்பவும் என் கடைக்குப் போன் வரும்.

எந்த மீட்டர் வாங்குவது?

எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு வயர் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் ஷார்ட்தான். மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத மீட்டராக இருந்தால் மீட்டரே போகும். இதோடு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து ஒரு டெஸ்ட் லாம்ப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் பொய் சொல்லும் இடங்கள் உண்டு. உள்ளே அரித்துக் களிம்பு மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் வயரில் மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்பு எரியாது.

டாஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு லைட் என்ன சொல்கிறது?

அதை எச்சரிக்கை விளக்கு என்று மட்டும் நினைக்கிறார்கள். பழைய ஆல்டர்னேட்டர் வண்டியில் அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. சாவி போட்டதும் அந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குள் காந்தமாகச் சுற்றும் ரோட்டர் காயிலுக்கு முதல் கரண்ட் போகிறது. அடுப்புப் பற்றவைக்கும் தீக்குச்சி மாதிரி. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் தானே உற்பத்தி செய்ய ஆரம்பித்ததும் பல்பின் இரண்டு பக்கமும் வோல்ட் சமமாகிவிடும், பல்பு அணையும்.

சாவி போட்டும் லைட் எரியவே இல்லை என்றால் பலர் "பிரச்சினை இல்லை போலிருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் பெரிய பிரச்சினை. பல்பு ஃபியூஸ் ஆகியிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, ரோட்டரின் வளையமான ஸ்லிப் ரிங்கைத் தொடாமல் நிற்கலாம். ஆல்டர்னேட்டர் பின்னால் இருக்கும் மெல்லிய லாம்ப் வயரைக் கழற்றி, சாவி போட்டு, அந்த வயரை எஞ்சின் இரும்பில் தொடுங்கள். லைட் எரிந்தால் பல்பும் வயரும் நன்றாக இருக்கின்றன, பழுது ஆல்டர்னேட்டருக்குள்ளே. எரியாவிட்டால் பல்பு அல்லது வயர். தொடுவது மெல்லிய வயர்தானா என்று இரண்டு தடவை பாருங்கள். பக்கத்தில் இருக்கும் தடித்த வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவி இல்லாமலே எப்போதும் கரண்ட் இருக்கும். அதை இரும்பில் தொட்டால் தீப்பொறியோடு நிற்காது.

எஞ்சின் ஓடும்போதும் நன்றாக எரிந்துகொண்டே இருந்தால் சார்ஜ் இல்லை. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். மங்கலாக, ராத்திரியில் மட்டும் தெரிகிற அளவுக்கு எரிந்தால், ஆல்டர்னேட்டருக்குள் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளில் ஒன்று போயிருக்கலாம், அல்லது வழியில் எங்கோ வோல்ட் குறைகிறது. சாவியை எடுத்த பிறகும் எரிந்தால் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. உடனே பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள், விடிவதற்குள் பேட்டரி காலியாகிவிடும்.

ஒரு பையன் மீட்டர் பேனல் பல்பு எல்லாவற்றையும் அழகுக்காக எல்.இ.டி. ஆக்கிவிட்டு வந்தான். அன்றிலிருந்து அவன் வண்டிக்குச் சார்ஜ் இல்லை. எல்.இ.டி. வழியாகப் போகிற துளிக் கரண்ட் ரோட்டரை எழுப்பப் போதவில்லை. பழைய பல்பை அந்த ஒரு இடத்தில் மட்டும் திரும்ப மாட்டினேன், சரியாகிவிட்டது.

ஆல்டர்னேட்டரில் நல்ல வோல்ட் வருகிறது என்கிறார்கள். ஆனால் பேட்டரி ஏறவில்லை. எப்படி?

நம்ம ஊரில் நான் அதிகம் பார்க்கும் பழுது இதுதான். மேற்கே கடல், வருஷத்தில் இரண்டு பருவமழை, காற்றிலேயே உப்பு. குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் நிற்கிற வண்டியில் போல்ட்டுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு மீன் வியாபாரி ஆம்னி கொண்டுவந்தார். இரண்டு வருஷத்தில் மூன்று பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர். ஆனால் அவர் வந்தது வேறு புகாருக்கு: ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகுகிறது, மூன்று மாதத்தில் இரண்டு கேபிள் மாற்றியாச்சு. எனக்கு அப்போதே சந்தேகம். சீட்டைத் தூக்கிவிட்டு அவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, கேபிளின் உறையில் கையை வைத்தேன். சுட்டது.

எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, ரேஸில் மீட்டர் பிடித்தேன். ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் 14.3 வோல்ட். பேட்டரியில் 12.9. நடுவில் 1.4 வோல்ட்டைக் காணோம். அதைத் தேடுவது இப்படி: மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் முனையிலும் மறுமுனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தேன். 0.1தான் காட்டியது. அந்தப் பாதை நல்லது. பிறகு ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு வைத்தேன். 1.3.

கீழே படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றினேன்; எஞ்சின் பக்கத்துக் கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி அது. பார்க்க முழுசாகத்தான் இருந்தது. கையில் எடுத்து வளைத்தேன், பச்சைத் தூளாக உதிர்ந்து மூக்கில் ஏறியது. மீன் பெட்டியிலிருந்து சொட்டிய உப்பு ஐஸ் தண்ணீர் வருஷக்கணக்காக விழுந்து செம்பு முழுக்கக் களிம்பாகிவிட்டது. இரண்டு மூன்று இழைதான் மிச்சம். செல்ஃப் மோட்டாரின் கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வேறு வழியில்லாமல் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. உறை உருகிக் கேபிள் இறுகியது அதனால்தான். பேட்டரியோ அரை வயிற்றோடே கிடந்து, தகடுகளில் சல்பேட் படிந்து ஒவ்வொன்றாகச் செத்திருக்கிறது.

புதுப் பட்டை ஒன்று வெட்டி, இரண்டு முனையிலும் பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். பேட்டரியில் 14.1 வந்தது. மூன்று பேட்டரியும் ஒரு ஆல்டர்னேட்டரும் இரண்டு கேபிளும் ஒரு முழ நீளப் பட்டைக்குப் பலி. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

நீங்கள் பார்க்கும்போது கணக்கு இதுதான்: லைட் போட்டு ரேஸ் கொடுத்த நிலையில், பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் தனித்தனியாக 0.2 வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கிறது. எதைக் கொண்டு துடைப்பது?

ஆப்பத்துக்குப் போடும் சோடா உப்பு ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் வெந்நீர். முதலில் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். சோடாத் தண்ணீர் ஊற்றினால் நுரைக்கும். நுரை நின்றதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பேட்டரி மூடி வழியாக ஒரு சொட்டு கூட உள்ளே போகக் கூடாது. கிளாம்பின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்குவது தப்பு. தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தூசியைத்தான் சேர்த்து வைக்கும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே?

தெரியும். கூடவே வேறு சிலதும் போகும். ஓடுகிற ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியைத் திடீரென்று பிரித்தால் வோல்ட் ஒரு கணம் பல மடங்கு எகிறும். டயோடு, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், ஸ்டீரியோ, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியாக இருந்தால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். வரை போகலாம். ஆல்டர்னேட்டருக்கு முன்பு கரண்ட் தந்த டைனமோ காலத்துப் பழக்கம் இது, அப்போது வண்டியில் கெடுவதற்கு எலக்ட்ரானிக் பொருள் எதுவும் இல்லை. யாராவது ஸ்பானரோடு டெர்மினல் பக்கம் போனால், வயதில் எவ்வளவு மூத்த மேஸ்திரியாக இருந்தாலும், "வேண்டாம் அண்ணே, மீட்டர் வச்சுப் பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். ஆல்டர்னேட்டர் முனையை இரும்பில் உரசிப் பொறி பார்ப்பதும் இதே ரகம்.

பெல்ட் சத்தம் போடுகிறது. அதற்கும் சார்ஜிங்குக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது மழையில் ஹெட்லைட் போட்டதும் கிறீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. இரண்டு புல்லிக்கும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. இறங்கலாம். அதற்கு மேல் என்றால் தளர்வு. வி-பெல்ட்டின் பக்கவாட்டு ஓரங்கள் கண்ணாடி மாதிரி மின்னினாலோ, பெல்ட் புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொட்டாலோ இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். சத்தம் போக வேண்டுமென்று வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போகும்.

அம்பாசடர், பத்மினி மாதிரி வண்டிகளில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். ஓடும்போது சிவப்பு லைட் எரிந்து, சூட்டு முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

பெல்ட், எர்த், வயர் எல்லாம் சரி. ஆல்டர்னேட்டருக்குள் என்ன போயிருக்கும்?

பழைய வண்டியில் முதல் சந்தேகம் கார்பன் பிரஷ். 5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். தட்டினால் சார்ஜ் வருகிறது, குழியில் இறங்கினால் போகிறது என்று விட்டுவிட்டு வரும் பழுது பெரும்பாலும் பிரஷ்தான். ஸ்லிப் ரிங் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் போதும். பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கடைய வேண்டும்.

அடுத்தது டயோடு. ஒன்று போனால் சார்ஜ் முழுக்க நிற்காது, குறையும். பகலில் சமாளிக்கும், ராத்திரி லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் பேட்டரி இறங்கும். ஸ்டீரியோவில் ரேஸ் கொடுக்கக் கொடுக்க உயரும் ஊளைச் சத்தம் கேட்கலாம். மீட்டரை மாறுமின் வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வையுங்கள். 0.5க்கு மேல் காட்டினால் டயோடைச் சந்தேகப்படலாம். விலை குறைந்த சில மீட்டர்கள் இந்த அளவில் நேர்மின்னையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும். எஞ்சினை நிறுத்திவிட்டு அதே இடத்தில் பாருங்கள்; அப்போதும் எண் காட்டினால் அந்த மீட்டரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

பேரிங் போனால் காதே சொல்லிவிடும். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் உடம்பில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். அரிசி அரைக்கிற மாதிரிச் சத்தம் வந்தால் பேரிங். முடியையும் துண்டையும் பெல்ட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

என்னிடம் இருப்பது டைனமோ வைத்த பழைய அம்பாசடர். மேலே சொன்னது இதற்குப் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். ஐடிலிங்கில் சிவப்பு லைட் மினுக்குவது இங்கே பழுதல்ல. மெதுவாகச் சுற்றும்போது டைனமோவால் அவ்வளவுதான் முடியும். ரேஸ் கொடுத்ததும் அணைந்தால் போதும். பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி டைனமோவுக்குப் போகாமல் தடுப்பது கட்-அவுட். அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் வண்டி நின்ற பிறகும் டைனமோ வழியாகப் பேட்டரி காலியாகும், வயர் சூடாகும்.

டைனமோ நல்லதா, கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் இருக்கும் கண்ட்ரோல் பாக்ஸ் நல்லதா என்று பிரிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. இரண்டு முனை கொண்ட லூகாஸ் வகை டைனமோவில் இரண்டு வயரையும் கழற்றி, டி முனையையும் எஃப் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். எஞ்சினை மெல்ல மெல்ல ரேஸ் கொடுங்கள். வோல்ட் விறுவிறுவென்று ஏற வேண்டும். 20ஐத் தொடவிடாதீர்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் பிரஷ். அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றால் ஃபீல்டு காயில். 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். நன்றாக ஏறுகிறது என்றால் டைனமோவை விட்டுவிட்டுக் கண்ட்ரோல் பாக்ஸுக்குப் போங்கள். இந்தச் சோதனையை ஆல்டர்னேட்டரில் செய்து பார்க்காதீர்கள்.

டைனமோ மாற்றினால் அல்லது வெகுநாள் கிடந்ததை மாட்டினால், வயர்களை இணைக்கும் முன் பேட்டரியின் லைவ் வயரால் எஃப் முனையை இரண்டு மூன்று தடவை சும்மா தொட்டு எடுக்க வேண்டும். காந்தத் திசை சரியாவதற்கு. இதை மறந்துவிட்டு, வாங்கின டைனமோ மோசம் என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

டைனமோவில் இன்னொரு வசதி: பேட்டரி செத்திருந்தாலும் தள்ளி ஸ்டார்ட் செய்ததும் அதில் தங்கியிருக்கும் காந்தத்தால் கரண்ட் வந்துவிடும். ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை தள்ளினாலும் பெட்ரோல் எஞ்சின் பிடிக்காது.

டீசல் சுமோவில் ஆல்டர்னேட்டரில் ஆயில் ஒழுகுகிறது. விட்டு வைக்கலாமா?

கூடாது. பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். அதற்கு எஞ்சின் ஆயில் போகும் ஹோஸ் உண்டு. சீல் போனால் ஆயில் பிரஷ் பக்கம் இறங்கி, கார்பன் தூளோடு சேர்ந்து கறுப்புக் களியாகும், சார்ஜ் நிற்கும். அதைவிட முக்கியமானது, பம்ப் பலவீனமானால் பிரேக் பெடல் கட்டையாகிவிடும். பேச்சிப்பாறை இறக்கத்தில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம். ஆல்டர்னேட்டர் வேலை என்று கழற்றினால் பம்ப் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

நான் கல்ஃபில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வரும்போதெல்லாம் பேட்டரி காலி. ஏதோ லீக்கேஜ் என்கிறார்கள்.

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து வீடுகளில் இப்படி உறை மூடி நிற்கும் கார்கள் எத்தனையோ. முதலில் ஒரு கணக்கு. வண்டி நின்றிருக்கும்போது கடிகாரம், ஸ்டீரியோ நினைவகம் எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது தப்பில்லை. ஆனால் அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர். மாருதி 800இன் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி பதினைந்து நாளில் பாதிக்கு வந்துவிடும். லீக்கேஜ் இல்லாமலே இந்த நிலை. ஊருக்குப் போகும்போது மைனஸ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்லி மச்சானிடம் சாவி கொடுப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

நாலு நாளிலேயே காலியாகிறது என்றால்தான் கசிவு. மைனஸ் டெர்மினலைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். கதவு, பானெட் லைட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்தச் சர்க்யூட்தான். எல்லா ஃபியூஸையும் உருவியும் விழவில்லையா, பேட்டரியை முழுக்கக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைப் பிரித்து, டேப் சுற்றி, பேட்டரியையும் மீட்டரையும் முன்போல மாட்டி மறுபடி பாருங்கள். இப்போது விழுந்தால் டயோடு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில், காரில் சாவி போட்டு வைத்துத் தெருவே போன் சார்ஜ் செய்தது. அதன் பிறகு வந்த பேட்டரிகளில் பாதிக்குக் கசிவு எதுவுமில்லை. போன் இழுத்தது கொஞ்சம்தான். சாவி ஆனில் கிடந்ததால் இக்னிஷன் காயில் இழுத்ததுதான் அதிகம்.

ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் போன கரண்டைத் திரும்ப ஏற்ற எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. செல்ஃப் 150 ஆம்பியர் வீதம் மூன்று விநாடி இழுத்தது என்று வையுங்கள். 10 ஆம்பியரில் சார்ஜ் ஏறினால், நஷ்டத்தையும் சேர்த்து ஒரு நிமிடம் போதும். குறுகிய ஓட்டத்தில் பேட்டரி இறங்குவதற்குக் காரணம் வேறு. ஜூன் மழையில் வடசேரியிலிருந்து கோட்டாறுக்கு ஊர்ந்து போகும்போது, ஹெட்லைட் பல்பு இரண்டுக்கு மட்டும் 9 ஆம்பியர், அதோடு வைப்பர், ப்ளோயர், பிரேக் லைட். ஐடிலிங்கில் பழைய ஆல்டர்னேட்டர் தருவதைவிடச் செலவு கூடிவிடுகிறது. 100 வாட் பல்பும் ஆம்ப்ளிஃபையரும் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைகிறது, பல்புகள் ஃபியூஸ் ஆகின்றன.

ஓவர் சார்ஜ். ரேஸில் 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பீடி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ரெகுலேட்டர் தனியாகப் பாடியில் மாட்டிய வண்டி என்றால் ரெகுலேட்டரை மாற்றும் முன் அதன் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். எர்த் மோசமானால் ரெகுலேட்டர் வோல்ட்டைக் குறைவாகப் புரிந்துகொண்டு மேலும் மேலும் ஏற்றும். ஒரே ஒரு செல்லில் மட்டும் தண்ணீர் குறைந்தால் பழுது அந்தச் செல்லில். பேட்டரித் திரவத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாருங்கள். ஐந்து செல்லில் 1250, ஒன்றில் 1180 என்று காட்டினால் பேட்டரிக்கு நாள் எண்ண வேண்டியதுதான்.

ராத்திரி ஆரல்வாய்மொழி தாண்டும்போது சிவப்பு லைட் எரிந்தால்?

ஓரமாக நிறுத்திப் பெல்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், டார்ச் அடித்தால் தெரியும். பெல்ட் இருந்து, சூடும் ஏறவில்லை என்றால் ஏ.சி., ப்ளோயர், ஸ்டீரியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாகர்கோவில் வந்து சேரலாம். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஹெட்லைட்டோடு இரண்டு மணி நேரம் தாங்கலாம். உங்கள் பேட்டரிக்கு வயதாகிவிட்டிருந்தால் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். லைட் மங்கும் வரை காத்திருக்காமல் ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்திவிடுங்கள். லைட்டை அணைத்துவிட்டு முன்னால் போகிற லாரியின் வெளிச்சத்தில் ஓட்டும் வீரம் வேண்டாம்.

தரை துருப்பிடித்ததால் பேட்ச் வெல்டிங் செய்தோம். அன்றிலிருந்து சார்ஜ் இல்லை.

டயோடு போயிருக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்ற வேண்டும், ஆல்டர்னேட்டரின் கனெக்டரையும் பிரிக்க வேண்டும். பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினாலும் இதே கதிதான், ஒரு நொடி போதும்.

ரீகண்டிஷன் செய்வதா, புதிது வாங்குவதா?

பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் என்றால் தாராளமாக ரிப்பேர் செய்யலாம். சுற்றாமல் நிற்கும், கரண்ட் உண்டாகும் ஸ்டேட்டர் காயில் கருகியிருந்தால் ரீவைண்டிங் செய்பவரின் கையைப் பொறுத்தது; எனக்கு நம்பிக்கையான ஆள் இல்லாவிட்டால் மாற்றச் சொல்லிவிடுவேன். பேரிங் போட்டால் முன்பின் இரண்டையும் போடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கும் முன் ஹெட்லைட், ப்ளோயர் போட்டு ரேஸில் எத்தனை வோல்ட் என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். பில்லில் அந்த எண்ணை எழுதித் தருகிற கடைக்கு அடுத்த தடவையும் போகலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. தண்ணீர் வடிந்துவிட்டது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வந்தது. செல்ஃப் அடிக்காதீர்கள். மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பதை மெக்கானிக் பார்க்கட்டும், அது சார்ஜிங்கைவிடப் பெரிய விஷயம். ஆல்டர்னேட்டரையும் செல்ஃப் மோட்டாரையும் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, பிரித்து, ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டும். சேறு காய்ந்து பிரஷ் அதன் கூட்டிலேயே இறுகிக்கொள்ளும். விரலால் அழுத்திவிட்டால் ஸ்பிரிங்கில் துள்ளித் திரும்ப வர வேண்டும். வராத பிரஷை மாற்றிவிட்டு, எர்த் பட்டையையும் ஒரு தடவை வளைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சாவி போடுங்கள்.